ஒன்பதாம் தேதிக் கொடி

ஸ்டென்பி, டென்மார்க்
21 ஆகஸ்ட் 1961

அன்புத் தங்கை ஆஸ்டாவுக்கு,

அண்ணன் ஐனர் எழுதுவது. கனடாவில் நீயும் ஸ்வெனும் பிள்ளைகளும் சுகமா? இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். இப்போதைக்கு அதற்கு மேல் சொல்வதற்கில்லை. எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருக்கிறது. பென்சிலை விரலிடுக்கில் செருகி எழுதுகிறேன்.

பக்கத்துப் பண்ணை லௌஸ்டின் தொழுவம் எரிந்துபோனது. அவன் மகன் விகோ செத்துப்போனான். நீ கப்பலேறப் புறப்பட்ட அன்று நம் வேலியில் தொங்கிக்கொண்டு கையாட்டினானே, அந்தப் பையன்தான். பதினேழு வயது ஆகியிருந்தது.

பிற்பகல் காபி நேரம். பரண் நிறையப் புல். அங்கிருந்துதான் தீ கிளம்பியது. கீழே குதிரைகள் கட்டியிருந்தன. விகோ உள்ளே ஓடி ஒன்றை அவிழ்த்து விரட்டிவிட்டான். மற்றதற்காகத் திரும்பப் போனான், பரண் அப்படியே இறங்கிவிட்டது. நானும் லௌஸ்டும் பின்கதவைக் கோடரியால் பிளந்தோம். நான்தான் பையனின் காலைப் பிடித்து இழுத்தேன். பூட்ஸ் மட்டும் கையோடு வந்தது. மறுபடி உள்ளே போனேன். குதிரை கத்திய கத்தல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அன்று ஒன்பதாம் தேதி. எப்போதும்போல் காலையில் கொடியை ஏற்றியிருந்தேன். பொழுது சாய்ந்ததும் இறக்கியிருக்க வேண்டும், ஆனால் நான் டாக்டர் வீட்டில் கிடந்தேன். மறுநாள் திரும்பி வந்தபோது ஊரில் எல்லாக் கம்பத்திலும் துக்கத்துக்காகக் கொடி பாதியில் நின்றது. நம் வீட்டில் மட்டும் உச்சியில் படபடத்துக்கொண்டிருந்தது, ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. இந்தக் கைகளால் கயிற்று முடிச்சை அவிழ்க்கவும் முடியவில்லை. லௌஸ்டின் மனைவி டாக்னி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல நேத்து யாருக்குப் பொறந்தநாள், ஐனர்?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்போ எதுக்குக் கொடி?"

"தோணுச்சு, ஏத்துனேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஸ்வெனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
ஐனர்


ஆல்பர்ட்டா, கனடா
6 செப்டம்பர் 1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை ஆஸ்டா. உன் கைகள் எப்படி இருக்கின்றன? கட்டு பிரித்தாயிற்றா? இங்கே எல்லோரும் நலம். கோதுமை அறுப்பு நடக்கிறது, ஸ்வென் இருட்டியபின்தான் வீடு வருகிறான்.

விகோவை நினைத்து அழுதேன். அவனை எங்கே அடக்கம் செய்தார்கள்? தேவாலயத்தின் கடல் பக்கமா, சாலைப் பக்கமா? லௌஸ்ட் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா?

இன்னொன்று. உன் கடிதங்களை ஸ்வென் மேசையில் வைத்து எல்லோருக்கும் உரக்க வாசிப்பது வழக்கம். இந்த முறையும் வாசித்தான். "ஒன்பதாம் தேதின்னா என்னம்மா?" என்று மூத்தவள் போடில் கேட்டாள். பாட்டியின் பிறந்தநாள் என்று சொல்லிவைத்தேன். நம் அம்மா டிசம்பரில் பிறந்தவள் என்று ஸ்வெனுக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான், ஆனால் கேட்கவில்லை.

இனிமேல் வீட்டுக்கு வேண்டாம், நான் முட்டைகளைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் கடையின் முகவரிக்கு எழுது. அடுத்த வருஷம் முதல் கொடி வேண்டாம் அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஆஸ்டா


ஸ்டென்பி
15 அக்டோபர் 1961

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. கட்டு பிரித்துவிட்டார்கள். தோல் வந்துவிட்டது, ஆனால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. பால் கறக்க வலிக்கிறது.

விகோ கடல் பக்கம் கிடக்கிறான். நான் அடக்கத்துக்குப் போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். காப்பீட்டுக்காரர் வந்து சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, புல்லை ஈரத்தோடு பரணேற்றினால் உள்ளுக்குள்ளேயே வெந்து தானாகப் பற்றிக்கொள்ளும் என்றார். லௌஸ்ட் அவர் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். அன்று மாலையே ஊரில் வேறு பேச்சு வந்துவிட்டது. தீ வைத்தது ஐனர். வசந்தத்தில் எனக்கும் லௌஸ்டுக்கும் வாய்க்காலுக்காகச் சண்டை வந்தது உண்மை. ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது வாய்க்காலை அல்ல, கொடியை. பிள்ளை வெந்துகொண்டிருந்தபோது கொண்டாடினான், விடிய விடியக் கொண்டாடினான் என்கிறார்கள். போலீஸ்காரர் என்னை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். மறுநாள் விட்டுவிட்டார். "வீட்டுக்குப் போப்பா, உம்மேல ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் கொடி எதுக்குன்னு மட்டும் சொல்லித் தொலையேன்" என்றார். சொல்லவில்லை.

இது கடை முகவரிக்கு வருவதால் மறைக்காமல் எழுதுகிறேன். ஆகஸ்ட் ஒன்பது உன் மகள் பிறந்த நாள். தையல் படிக்கப் போகிறாய் என்று ஊரிடம் சொல்லிவிட்டு உன்னை ஆர்ஹஸுக்குக் கூட்டிப்போனேன். நீ முகம் பார்ப்பதற்குள் அவளை வாங்கிக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவளுக்காக எங்கேயாவது ஒரு கம்பத்திலாவது கொடி ஏற வேண்டும் என்று நீ அன்று அழுதாய். ஏற்றுகிறேன் என்றேன். ஊரில் நாய்க்குட்டி வாங்கினால்கூடக் கொடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை.

போன ஞாயிறு காலை நாய் குரைக்காததால் எழுந்து போய்ப் பார்த்தேன். கொடிக் கயிற்றில் கழுத்தைக் கட்டி உச்சிக்கு ஏற்றியிருந்தார்கள். வயிறு கிழிந்திருந்தது. இறக்கிப் புதைத்தேன். இப்போது கயிற்று முடிச்சை அவிழ்க்க வருகிறது.

உன் அண்ணன்,
ஐனர்


ஆல்பர்ட்டா
12 நவம்பர் 1961

அன்புள்ள அண்ணா,

நலமாக இரு என்று எழுதவே கை கூசுகிறது. கம்பளிக் கையுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன். விரல் மடங்காவிட்டாலும் நுழையும்படி அகலமாகப் போட்டிருக்கிறேன்.

பண்ணையை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. ஸ்வெனிடம் கேட்டுவிட்டேன், சரி என்றான். இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது.

லௌஸ்ட் கெட்டவன் இல்லை. மகன் போன வலியில் அப்படிச் செய்கிறான். நீ ஒருமுறை நேரில் போய்ப் பேசினால் கேட்பான் என்று தோன்றுகிறது. அவனுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும், அப்போது பேசாதே. ஆறிய பிறகு பேசு.

உறைபனி விழத் தொடங்கிவிட்டது. அடுப்புக்கு விறகு இருக்கிறதா?

ஆஸ்டா


ஸ்டென்பி
20 ஜனவரி 1962

அன்புத் தங்கைக்கு,

கையுறை வந்தது. கதகதப்பாக இருக்கிறது. விறகும் இருக்கிறது. உன் வீட்டில் குளிர்காலக் காய்ச்சல் எதுவும் இல்லையே?

நீ சொன்னபடி லௌஸ்டைப் பார்க்கப் போனேன். காது சிவக்கவில்லை. முகம் வெளுத்துத்தான் இருந்தது. "எம் புள்ளைய எரிச்ச கையா இது?" என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின.

கூட்டுறவுக் கடையில் எனக்குச் சாமான் கொடுப்பதில்லை. போன வாரம் காபித் தூள் கேட்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவன், "அவனுக்குக் காபி எதுக்கு? அடுப்பு பத்தவெக்க வேற வீடு இருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை. "ஆமாடா, உன் வீட்டு வைக்கோல்தான் நல்லா காஞ்சிருக்காம்" என்றேன். வாய்க்கொழுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். வெளியே இழுத்துப் போட்டுப் பால்கேனால் அடித்தார்கள். விலா எலும்பு உடைந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் என் தலையைப் பனியில் அமுக்கிப் பிடித்தவன். லௌஸ்ட் அடிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு ஊர்ந்து வந்தால் சிவப்புப் பசுவின் மடியை அறுத்து வைத்திருந்தார்கள். நானே அதைச் சுட்டேன்.

கனடாவுக்கு வரமாட்டேன் ஆஸ்டா. போனால் நான்தான் தீ வைத்தேன் என்று ஆகிவிடும். அந்தக் குழந்தையின் தகப்பன் யார் என்று நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். ஜெர்மன் படை நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த அந்தக் காலத்தில் ஊருக்குத் தெரிந்திருந்தால் எந்த ஜெர்மன் சிப்பாய் என்றுதான் கேட்டிருப்பார்கள், சண்டை முடிந்ததும் எதிரியோடு போனவள் என்று உன் தலையை மழித்திருப்பார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டோம். இப்போது ஒரே ஒரு சொல் அனுப்பு. கொடி எதுக்கு என்று நான் சொல்லலாமா?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
ஐனர்


ஸ்டென்பி
18 மார்ச் 1962

ஆஸ்டாவுக்கு,

சுகமா? ஜனவரியில் எழுதினேன். வந்ததா, வழியில் தொலைந்ததா? தொலைந்திருந்தால் திரும்ப எழுதுகிறேன்.

ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டேன். அவர்கள் கல்லெறிந்து உடைக்க உடைக்கக் கண்ணாடி போட்டுக் கட்டுப்படியாகவில்லை.

ஐனர்


ஆல்பர்ட்டா
9 ஏப்ரல் 1962

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். உன் கடிதம் தொலையவில்லை. கடையில் என் மேலங்கிப் பைக்குள்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

சொல்லாதே அண்ணா. இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன். இங்கே வந்த டேனிஷ்காரர்கள் எல்லோருக்கும் ஸ்டென்பியில் உறவு இருக்கிறது. நீ கடை வாசலில் சொன்னால் மாதம் முடிவதற்குள் ஸ்வென் காதுக்கு வந்துவிடும். என்னை நல்லவள் என்று நம்பிக் கட்டிக்கொண்ட மனுஷன் அவன். ஸ்வென் மட்டுமில்லை, வேறு காரணமும் இருக்கிறது. அதைக் கேட்காதே.

கோடையில் ஊர் ஆறிவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஆஸ்டா


மாவட்ட மருத்துவமனை
3 ஜூலை 1962

அன்புத் தங்கை ஆஸ்டாவுக்கு,

நீங்கள் அனைவரும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் சொல்லச் சொல்ல இதை இங்குள்ள நர்ஸ் எழுதுகிறார். நல்ல பெண், அதிகம் கேள்வி கேட்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுத முடியாது. உனக்குப் புரியும்.

நடுக்கோடை நெருப்புக்கு ஊர் கூடிய மாலை. கடற்கரையில் விறகு குவித்து மேலே சூனியக்காரிப் பொம்மை வைப்பார்களே, இந்த வருஷம் சூனியக்காரி இல்லை. துணி காயப்போடும் கயிற்றில் தொங்கிய என் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துப்போய்ப் பொம்மைக்கு மாட்டியிருந்தார்கள். அதைக்கூட விட்டிருப்பேன். பொம்மையைச் செருகியிருந்தது நம் வீட்டுக் கொடிக்கம்பத்தில். நான் வயலில் இருந்தபோது ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பா நட்ட கம்பம்.

போனேன். பாட்டு நின்றது. "வந்துட்டான்டா, அவனே ஏறி நின்னுக்கட்டும், பொம்மை எதுக்கு?" என்று யாரோ கத்தினார்கள். கம்பத்தைப் பிடித்து இழுத்தேன். நெருப்பு வைத்துவிட்டார்கள். விடாமல் இழுத்தேன். லௌஸ்ட் வேலிக்கட்டையோடு வந்தான். "விடு. விடுடா. எதுக்கு ஏத்துன, அதச் சொல்லிட்டு விடு." நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் அடித்தான். மறுபடி அடித்தான். கட்டையில் ஆணி இருந்தது.

இடது கண் போய்விட்டது. வலது கண் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். கீழே விழுந்தபிறகும் மிதித்தார்கள், பெண்களும்தான். நிறுத்தியது லௌஸ்டே. "போதும், செத்துருவான்" என்றானாம். வழக்குக் கொடுக்கிறாயா என்று போலீஸ்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். வழக்கென்றால் கொடியைப் பற்றித்தானே முதலில் கேட்பார்கள்.

நர்ஸ் இந்த இடத்தில் அழுகிறார். அதனால் முடித்துக்கொள்கிறேன்.

ஐனர்


ஆல்பர்ட்டா
14 ஜூலை 1962

லௌஸ்டுக்கு,

ஐனரின் தங்கை ஆஸ்டா எழுதுகிறேன். உன் பண்ணையில் இரண்டு வருஷம் வேலைக்காரியாக இருந்தபோது உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். இனி அது முடியாது. உன் நலத்தை விசாரிக்கவும் முடியாது.

1942 இலையுதிர்காலத்தில் உன் புல் பரணில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் நினைவுபடுத்திக்கொள். பிப்ரவரியில் உன்னிடம் சொல்ல வந்தேன். உன் வீட்டுக் கம்பத்தில் கொடி பறந்தது. உனக்கும் டாக்னிக்கும் நிச்சயம் ஆகியிருந்தது, கேக் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாய். வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். 1943 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஆர்ஹஸில் பெண் குழந்தை பிறந்தது. அழுகை மட்டும் கேட்டேன். பெயர் என்ன, எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. விகோவின் அக்கா அவள்.

ஐனர் ஒவ்வொரு ஆகஸ்ட் ஒன்பதும் கொடி ஏற்றியது அவளுக்காக. உன் மகளுக்காக. தகப்பன் யார் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லாதே என்றதால் அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த வாய் திறக்காததற்கு நீ அவன் விரலை நசுக்கினாய், கண்ணைப் பிடுங்கினாய், உன் பெண்ணுக்குக் கொடி ஏறிய கம்பத்தை அறுத்து எரித்தாய். அதில் பாதிப் பாவம் என் தலையில். மீதி உன்னுடையது.

இன்னும் ஒன்று சொல்கிறேன். போன வருஷம் ஜூனில் நல்ல மழை என்று ஐனர் எழுதியிருந்தான். உன் அவசரம் எனக்குத் தெரியும். என்னோடு சேர்ந்து பரணேற்றிய புல்லையே காயவிடாமல் ஏற்றியவன் நீ. கையை உள்ளே விட்டுப் பார், கொதிக்கிறது என்று அப்போதே சொன்னேன். உன் பரண் எதனால் எரிந்தது என்று காப்பீட்டுக்காரருக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உனக்கு ஐனர் தேவைப்பட்டான்.

ஸ்வெனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தொழுவத்தில் படுத்தான். பிறகு வந்து உட்கார்ந்து, "சோறு போடு" என்றான். இனி யார் என்ன சொன்னாலும் எனக்குப் பயமில்லை. ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் அண்ணனை மட்டும் தொடாதே.

ஆஸ்டா


ஸ்டென்பி
10 ஆகஸ்ட் 1962

அன்புத் தங்கைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரி ஏறி இறங்கும். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

நேற்று ஒன்பதாம் தேதி. எனக்குக் கம்பமில்லை. விகோ போய் ஒரு வருஷம் என்று ஊரில் எல்லாரும் காலையிலேயே கொடியைப் பாதியில் கட்டிவிட்டார்கள். நான் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லௌஸ்ட் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்து தன் கொடியை உச்சிவரை ஏற்றினான். பாதியில் கட்டுவதானாலும் உச்சிக்குப் போய்த்தானே இறக்க வேண்டும், இப்போது இறக்குவான் என்று பார்த்தேன். இறக்கவில்லை. உச்சியிலேயே முடிச்சுப் போட்டுவிட்டுக் கம்பத்தடியில் நின்றான்.

தேவாலயத்துக்குப் புறப்பட்டவர்கள் சாலையிலேயே நின்றுவிட்டார்கள். டாக்னி பூங்கொத்தோடு வெளியே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"யாருக்குப் பொறந்தநாள் லௌஸ்ட்?"

அவன் கொடிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தோணுச்சு, ஏத்துனேன்."

ஆஸ்டா, போன வருஷம் அவளிடம் நான் சொன்ன அதே வார்த்தை. டாக்னி பூவை எறிந்துவிட்டு அவன் மார்பில் குத்தினாள், முகத்தைப் பிறாண்டினாள். "எம் புள்ள செத்த நாளுடா, இறக்கு, இறக்கு" என்று கத்தினாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. சாலையிலிருந்து ஒரு கல் வந்தது. என் ஜன்னலை உடைத்த அதே ஆள், அதே கை. லௌஸ்டின் நெற்றி பிளந்தது. அடுத்த கல் பல்லில் பட்டது. அவன் கயிற்றை மட்டும் விடவில்லை. நாலைந்து பேர் அவனைப் பிடுங்கி எடுக்க வந்தார்கள்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. நன்றாக வாங்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைக்க மாட்டேன், பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி அவன் பக்கத்தில் போய் நின்றேன். ஒற்றைக் கண்ணும் கோடரியுமாக ஒருத்தன் வந்து நின்றால் யாருக்கும் கிட்டே வரத் தோன்றாது போலிருக்கிறது. திட்டிக்கொண்டே கலைந்தார்கள். டாக்னியைச் சிலர் அழைத்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அவன் என்ன சொல்வான் என்று நினைக்கவே எனக்குப் பாவமாக இருக்கிறது.

பொழுது சாயும்வரை நின்றோம். ரத்தம் அவன் காலரில் காய்ந்துபோனது. கடைசியில் என்னைப் பார்க்காமலேயே கேட்டான்.

"புள்ளய நீ பாத்தியா?"

"இல்ல."

"ஆஸ்டா?"

"பாக்க விடல. அழுகைய மட்டும் கேட்டா."

அவன் நெற்றியைக் கம்பத்தில் வைத்துக்கொண்டு ஓலமிட்டான். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை வருஷமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் மகளுக்குக் கொடி ஏற்றியிருக்கிறேன். அவனிடம் அடி வாங்கியதும் அவளுக்காகத்தான்.

அவனை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். கண் திரும்பி வராது, நாய் திரும்பி வராது. ஆனால் சூரியன் கடலைத் தொட்டதும் கொடியை இறக்க வேண்டுமே. என் விரல்கள் முடிச்சுக்கு உதவாது, அவனுக்கோ கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. முடிச்சு இருக்கும் இடத்தை நான் சொன்னேன், அவன் அவிழ்த்தான். துணி இறங்கி வந்ததும் இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம். தரையில் படவில்லை.

உன் அண்ணன்,
ஐனர்